சிதம்பரத்தில் ஒன்றரை நாள்: நடை சாத்தும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: என் மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். வருகிற சனி, ஞாயிறு அவளைப் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் கிளம்புகிறோம். கூடவே என் அம்மாவும் (72 வயது, முட்டி வலி) ஏழாம் வகுப்புப் பையனும் வருகிறார்கள். "கோயில் மட்டும்தான்னா நான் வரலை" என்கிறான் பையன். இந்த இருவரையும் வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் என்ன பார்க்கலாம்? அப்படியே நவக்கிரகக் கோயில்களையும் முடித்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். ஒன்பதில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் ஆகிய மூன்றுதான் பக்கம். மற்றவை கும்பகோணம் சுற்றிலும் திருநள்ளாற்றிலும் இருக்கின்றன. முட்டி வலியோடு ஒரு பாட்டியை ஒன்பது கோயில் ஏற்றி இறக்கினால், திங்கட்கிழமை நீங்கள் போக வேண்டியது எலும்பு மருத்துவரிடம்.

நான் அண்ணாமலை நகரில் நான்கு வருடம் படித்தவன். வெளியூர் நண்பர்களுக்கு அந்த ஊரைச் சுற்றிக்காட்டியே அதற்குமேல் நாட்கள் போயிருக்கின்றன. அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அங்கே எதைப் பார்ப்பது என்பதைவிட, எப்போது பார்ப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி, பதினொன்றே முக்காலுக்கு நடராஜர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். பன்னிரண்டு மணியளவில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை நான்கரை, ஐந்து ஆகிவிடும். நடுவில் கொதிக்கிற கருங்கல்லில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "இந்த ஊர்ல வேற என்னதான் இருக்கு?" என்று கேட்பார்கள்.

அதனால் சனிக்கிழமை மதியம் கோயில் பக்கமே போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டு அம்மாவை அறையில் ஒரு தூக்கம் போடச் சொல்லுங்கள். மூன்றரைக்கு மகளின் இடத்துக்குப் போங்கள்.

சிதம்பரம் உண்மையில் இரண்டு ஊர். ரயில் பாதைக்கு மேற்கே கோயிலும் தேரோடும் நான்கு வீதிகளும். கிழக்கே அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியில் ஆரம்பித்து, 1929இல் அது பல்கலைக்கழகமாக ஆனது. 2013இல் தமிழக அரசு நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. வளாகம் பெரியது, நடந்து மாளாது. காரிலேயே மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். வழிகாட்டி வேலையை மகளிடம் விட்டுவிடுங்கள். இரண்டு இடங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒன்று, ராஜேந்திரன் சிலை. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர். ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது அங்கே ஆளாக நிற்கும். இன்னொன்று, இசைத் துறை. 1941இல் தமிழிசை மாநாடு நடந்தது இந்த அண்ணாமலை நகரில்தான். தமிழ்ப் பாட்டை மேடையில் பாடலாமா என்று சண்டை நடந்த காலம் அது. நேரம் சரியாக இருந்தால் யாராவது சாதகம் செய்வது காதில் விழும்.

ஐந்தரைக்குக் கோயில். அம்மாவை ஆட்டோவில் கீழ (கிழக்கு) கோபுர வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள். காரை வீதியிலேயே எங்காவது நிறுத்திக்கொள்ளலாம். வாசலிலிருந்து சன்னதி வரை நல்ல நடை இருக்கிறது, அதற்கு மேல் அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

பையனை உள்ளே இழுக்க ஒரு வழி இருக்கிறது. கோபுர வாசலின் உட்சுவரில், கீழிருந்து மேலாக, சின்னச் சின்னச் சதுரங்களில் பெண்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்கிற 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள் அவை. கீழ கோபுரத்தில் ஒவ்வொன்றுக்கும் மேலே அதற்குரிய சுலோகத்தையே கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். "இதில் எதை உன்னால் செய்ய முடியும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காலைத் தலைக்கு மேல் தூக்கிய சிற்பத்தைப் பார்த்துவிட்டு அவன் முயற்சி செய்வான். நீங்கள் பிடித்துக்கொள்ளத் தயாராக இருங்கள்.

உள்ளே, கொடிமரத்துக்கு எதிரே நிருத்த சபையைத் தவற விடாதீர்கள். 56 தூண்களோடு தேர் வடிவில், குதிரை பூட்டிய மண்டபம். எல்லோரும் நடராஜர் சன்னதியான சிற்சபையின் வரிசையைப் பார்த்துக்கொண்டே இதற்கு முதுகைக் காட்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் கோயிலிலேயே நுணுக்கமான கல்வேலை இதுதான். பக்கத்தில் ஓரிடத்தில் நின்றால் நடராஜரையும் பள்ளிகொண்ட கோவிந்தராஜரையும் சேர்த்துப் பார்க்கலாம். சைவருக்குத் தில்லை, வைணவருக்குத் திருச்சித்திரகூடம். ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருப்பதால் பல நூற்றாண்டு வழக்கும் உண்டு, அந்தக் கதை இங்கே வேண்டாம். சிவகாமி அம்மன் சன்னதிக்குப் போனால் கழுத்து வலித்தாலும் விதானத்தைப் பாருங்கள். நாயக்கர் கால ஓவியங்கள், சிவன் பிச்சை எடுக்க வந்த பிட்சாடனர் கதை அங்கே வரிசையாக ஓடுகிறது.

ஒரு நடைமுறை விஷயம். இது அறநிலையத் துறை நிர்வாகத்தில் இல்லாத கோயில். பரம்பரை அர்ச்சகர்களான பொது தீட்சிதர்கள் நடத்துகிறார்கள். அர்ச்சனை செய்தால் பெயரும் முகவரியும் கேட்டுக் குறித்துக்கொள்வதும், அப்புறம் தபாலில் பிரசாதம் வருவதும் வழக்கம். விருப்பமிருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் "தரிசனம் மட்டும் போதும்" என்று சொன்னால் போதும். பையன் தூங்கி வழியாமல் இருந்தால் இரவு பத்து மணியை ஒட்டி நடக்கும் அர்த்தஜாம பூஜைக்கு இருங்கள். சுவாமி பல்லக்கில் பள்ளியறைக்குப் போவார். பகல் கூட்டத்தில் பார்த்த கோயிலா இது என்று இருக்கும்.

ஞாயிறு காலை பிச்சாவரம். பதினைந்து கிலோமீட்டர்தான், கிள்ளை வழியாகப் போக வேண்டும். ஏழரைக்கே அறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் டிக்கெட் வரிசையும் வெயிலும் சேர்ந்து அடிக்கும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் சதுப்புநிலக் காடு அது. பையன் மோட்டார் படகுதான் வேண்டும் என்பான். விட்டுக்கொடுக்காதீர்கள். மோட்டார் படகு அகலமான நீர்வழிகளில்தான் போகும். துடுப்புப் படகுதான், சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் விழுதுபோல இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டிய சந்துகளுக்குள் போகும். அங்கே போய் நின்றால் கொக்கும் மீன்கொத்தியும்தான் பேசும். எந்த இடம் வரைக்கும், எவ்வளவு நேரம் என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் கட்டாயம், துடுப்புப் படகில் கூரை கிடையாது. அம்மாவுக்குப் படகில் கால் வைத்து இறங்குவதுதான் கஷ்டம், அந்த நேரம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போவதாக இருந்தால் படகு ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படகோட்டியிடம் "தில்லை மரம் எது?" என்று கேளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். கோயிலின் தலவிருட்சமும் இதுவே. ஆனால் ஊருக்குள் தில்லை வனம் போய் ரொம்ப காலமாகிவிட்டது, காட்டில் நிற்பதைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். முந்தின நாள் கோயிலில் கேட்ட பெயர் மறுநாள் உப்புத் தண்ணீரில் மரமாக நிற்கும். இலையை மட்டும் கிள்ள விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

திரும்பி வந்து மதியச் சாப்பாடு, இல்லை, தாமதமான டிபன். இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள். சிதம்பரத்தின் சொந்தச் சரக்கு அது. வெளியூர் ஓட்டல்களில் கொத்சு என்ற பெயரில் ஊற்றுவதை வைத்து எடை போட வேண்டாம்.

அப்புறம் மகளை விடுதியில் விட்டுவிட்டு, வந்த வழியே கடலூர், புதுச்சேரி என்று திரும்பாமல், மேற்கே காட்டுமன்னார்கோயில் சாலையைப் பிடியுங்கள். லால்பேட்டையில் வீராணம் ஏரி வரும். பராந்தக சோழன் காலத்து வீரநாராயண ஏரி. 2004 முதல் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் அனுப்புகிற ஏரி என்று சொன்னால் பையன் எட்டிப் பார்ப்பான். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் பக்கம். இங்கேயும் மதியம் சன்னதி சாத்தியிருக்கும், நான்கு மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி வண்டியை விடுங்கள். புல்வெளியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் சுற்றி வந்தாலும் போதும். ராஜேந்திர சோழனின் விமானம் வெளியிலிருந்து, சாய்ந்த வெயிலில் பார்க்கத்தான் அழகு.

திரும்புவதற்குத் தஞ்சாவூர்–விக்கிரவாண்டி சாலை அங்கேயே கிடைக்கிறது. சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி. வடலூரில் வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞான சபை வழியில்தான் இருக்கிறது, அம்மா கேட்டால் நிறுத்துங்கள். பலாப்பழக் காலமாக இருந்தால் பண்ருட்டியில் வண்டி தானாகவே நிற்கும். முழுப் பழம் வாங்கிக் காரில் ஏற்றாதீர்கள், சுளையாக வாங்குங்கள். முழுப் பழத்தை ஏற்றிவிட்டு ஒரு வாரம் கண்ணாடியைத் திறந்தபடியே வண்டி ஓட்டியவன் நான்.