மார்பு எக்ஸ்ரே புரியவில்லை என்று படிப்பை விடலாமா?

அம்மா, பி.எஸ்சி. ரேடியோகிராபி இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் பையன், மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்தால் "எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாத்தான் தெரியுது" என்கிறான், வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். படத்தை வைத்ததுமே நோயைத் தேடுகிறான், அதுதான் சிக்கல்.

முதலில் பெயர், தேதி, வலது-இடது குறி. (இதயம் வலப்பக்கம் இருப்பவர்களும் உண்டு, குறி இல்லாவிட்டால் எதை நம்புவது?) அப்புறம், படம் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நோயாளி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருந்தால் இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்காது. மூச்சை நன்றாக இழுத்திருந்தால் உதரவிதானத்துக்கு (நுரையீரலுக்கு அடியில் இருக்கும் தசைத் திரை) மேலே பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10 எண்ணலாம். அரைகுறை மூச்சில் எடுத்த படம், இதயத்தைப் பெரிதாக்கி, நுரையீரலின் அடியில் நிமோனியா இருப்பதாகக் காட்டி ஏமாற்றும். படுத்தபடி எடுக்கும் ஏ.பி. படத்திலும் (கதிர் முன்பக்கமிருந்து பாய்வது) இதயம் பெருத்துத்தான் தெரியும். மார்பு அகலத்தில் பாதிக்குள் இதயம் இருக்க வேண்டும் என்ற கணக்கு, நின்றபடி எடுத்த பி.ஏ. படத்துக்குத்தான் (கதிர் முதுகுப்பக்கமிருந்து பாய்வது). இதெல்லாம் எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன் தெரிந்திருக்க வேண்டிய வேலை.

அதன்பிறகு மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம், உதரவிதானம், எலும்பு. வரிசை எதுவானாலும் தினமும் அதே வரிசையாக இருக்கட்டும். ஒரு கோளாறு கண்ணில் பட்டதும் நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவது கோளாறு தப்பிப்போவது அப்படித்தான். கடைசியாக நுரையீரலின் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை இன்னொரு முறை பார்க்க வேண்டும். காசநோய் பெரும்பாலும் உச்சியில் ஒளிந்திருக்கும். குடலில் ஓட்டை விழுந்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று பிறைபோலத் தெரியும்.

ரிப்போர்ட் எழுதுவது, படத்தைப் படித்து நோயைச் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட்தான். ஆனாலும் நைட் டூட்டியில், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்கிய படம் வந்தால் உடனே டாக்டருக்குப் போன் போடுகிற டெக்னீஷியனை எந்த மருத்துவமனையும் லேசில் விடாது.

ஏ.ஐ. பற்றியும் கேட்டிருந்தீர்கள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான காசநோய்ப் பரிசோதனையில், எக்ஸ்ரேயைக் கணினி படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்துவிட்டது. சரி, படிக்கட்டும். இருமுகிற தாத்தாவை நேராக நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்க வைக்க ஆள் வேண்டுமே!

ஒரு மாதத்துக்கு உங்கள் பையன், நார்மல் என்று ரிப்போர்ட் வந்த படங்களை மட்டும் பார்க்கட்டும். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் பேசுவோம், அதுவரை டி.சி. கேட்டுப் போகாதீர்கள்.