வாசகர் கேள்வி–பதில்: பேட்லாண்ட்ஸில் கேமராவுடன்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நண்பனும் நானும் காரில் தெற்கு டகோட்டா போகிறோம். பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா, பிளாக் ஹில்ஸ் மலைகள் இரண்டையும் படமெடுக்க, பயண நாள் போக நான்கு நாள் இருக்கிறது. எப்படிப் பிரிக்கலாம்?
– வாசகர், மின்னியாபொலிஸ்

பதில்: முதல் இரண்டு நாளைப் பேட்லாண்ட்ஸுக்குக் கொடுங்கள், அடுத்த இரண்டைப் பிளாக் ஹில்ஸுக்கு. வால் ஊரில் தங்கினால் இரவிலும் விடியலிலும் பூங்காவுக்குள் போய்வருவது எளிது. பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வழியில் நேர மண்டலம் மாறும். போன் தானே மாறிக்கொள்ளும், கேமரா மாறாது. இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் அன்றிரவே ஒன்றாக வையுங்கள். பிறகு இருவர் படங்களையும் வரிசைப்படுத்தும்போது குழப்பம் வராது.

செப்டம்பர் கடைசியில் சூரியன் காலை ஆறே முக்கால் வாக்கில் எழும், மாலையும் அதே நேரத்துக்கு மறையும். விடியலுக்கு வடகிழக்கு நுழைவாயிலை ஒட்டிய பிக் பேட்லாண்ட்ஸ் காட்சிமேடை, மாலைக்கு மேற்குக் கோடியில் பினக்கிள்ஸ் காட்சிமேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு 45 நிமிடம் முன்பே முக்காலி தரையில் நிற்க வேண்டும்.

பிளாக் ஹில்ஸில் சில்வன் ஏரியைக் காலையில் பாருங்கள். காற்று எழும் முன்புதான் பாறைகளின் நிழல் நீரில் உடையாமல் கிடக்கும். நீடில்ஸ் நெடுஞ்சாலையில் ஊசிக்கண் சுரங்கப்பாதையின் அகலம் சுமார் 8 அடிதான். பெரிய எஸ்யூவி என்றால் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நுழையுங்கள்.

கேள்வி: போன முறை 16 மி.மீ. அகல லென்ஸில் எடுத்த பேட்லாண்ட்ஸ் படங்கள் எல்லாம் மண்மேடு போலத் தட்டையாக வந்துவிட்டன. எங்கே தவறு?
– வாசகி, சிகாகோ

பதில்: லென்ஸும் நேரமும் சேர்ந்து செய்த வேலை இது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரைந்துபோகும் மென்மையான படிவுப்பாறை அது. மழைநீர் அறுத்த ஆயிரக்கணக்கான சிறு வரப்புகள்தான் அதன் அழகு. உச்சிவெயிலில் அந்த வரப்புகளுக்கு நிழலே விழாது. வெளிறிய சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சும். சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் அடிக்கும் அரை மணி நேரத்தில்தான் ஒவ்வொரு வரப்பும் தனியே எழுந்து நிற்கும்.

அகல லென்ஸ் தூரத்து முகடுகளைச் சுருக்கி ஒரு கோடாக்கிவிடும். இந்த நிலத்துக்கு நாங்கள் முதலில் சொல்வது 70-200 மி.மீ. நீள லென்ஸ்தான். முகட்டுக்குப் பின் முகடாக அடுக்கி, சட்டத்தில் வானத்தை ஆறில் ஒரு பங்குக்கு மேல் விடாமல் எடுத்துப் பாருங்கள். துளையளவு எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 போதும். காற்று பலமாக இருந்தால் முக்காலியின் நடுத்தண்டைத் தூக்காதீர்கள், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். 200 மி.மீ.யில் அந்தப் பட்டை படபடப்பதே படத்தைக் கலங்கடிக்கும்.

முன்னால் வெடித்த களிமண்ணோ புல்லோ இருந்தால் மட்டும் அகல லென்ஸை எடுங்கள். 20 மி.மீ., எஃப் 11, ஃபோகஸ் ஒன்றரை மீட்டரில். காலடியிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். அதில் போலரைசர் (வானத்தைக் கருநீலமாக்கும் வடிகட்டி) மாட்டாதீர்கள். வானத்தின் நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழும், பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பூங்காவிலுள்ள யெல்லோ மவுண்ட்ஸ் விதிவிலக்கு. பழைய கடலடி மண் காற்றும் மழையும் பட்டு மஞ்சளும் சிவப்புமாக மாறிய மேடுகள் அவை. மழை ஓய்ந்த மூட்ட வானத்தில்தான் அந்த நிறம் ஆழமாக இறங்கும். வெள்ளைச் சமநிலையை (நிறங்களைக் கேமரா சமன்செய்யும் அமைப்பு) தானியங்கியில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்தி, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள். தானியங்கி அந்த மஞ்சளைத் தவறென்று நினைத்துக் கழுவிவிடும்.

கேள்வி: மழை வந்தால் பேட்லாண்ட்ஸின் சேஜ் கிரீக் மண்சாலையில் போகலாமா?
– வாசகர், டென்வர்

பதில்: வேண்டாம். அங்குள்ள மண்ணில் பென்டோனைட் களிமண் கலந்திருக்கிறது. தண்ணீரை உறிஞ்சி உப்பி, சோப்பைப் போல வழுக்கும், பசையைப் போல டயரில் அப்பிக்கொள்ளும். நான்கு சக்கர ஓட்டம் இருந்தாலும் பிடிமானம் கிடைக்காது. சாலை காயும்வரை காத்திருங்கள். காய்ந்த பிறகும் சரிவுகளில் கவனம் தேவை. மேற்பரப்பு பொரி பொரியாக வெடித்திருக்கும், மிதித்தால் நொறுங்கிக் காலடியில் உருளும். பாதை விட்டு நடக்க அங்கே அனுமதி உண்டு, ஆனால் ஏறிய சரிவில் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்வது சுலபம். ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே நிற்கட்டும்.

மண்சாலைத் தூசியில் வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். கார்க் கதவைச் சாத்தி, ஏசி விசிறியை அணைத்து, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க மாற்றுங்கள். இருவர் போனால் ஒருவர் கேமராவில் அகல லென்ஸும் மற்றவர் கேமராவில் நீள லென்ஸுமாக மாட்டி வைத்தால் அந்த வேலையே பாதியாகும்.

கேள்வி: பால்வீதி எடுக்க முடியுமா? டிரோன்?
– அதே வாசகர்

பதில்: அமாவாசையை ஒட்டிப் போனால் முடியும். செப்டம்பர் கடைசியில் பால்வீதியின் மையம் நன்றாக இருட்டியதும் தென்மேற்கில் தாழ்வாகத் தெரியும், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். 20 மி.மீ., எஃப் 2.8, 15 வினாடி, ஐஎஸ்ஓ 3200இல் தொடங்குங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது உடன் வந்தவர் தலையில் மாட்டும் விளக்கைப் போட்டால், சிவப்பு வெளிச்சமானாலும் படம் போயிற்று. எடுக்கும் முன் "திறக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிடுங்கள்.

டிரோனுக்குத் தேசியப் பூங்காவில் தடை. காட்டெருமையிடமிருந்து 100 கெஜம் தள்ளியே நில்லுங்கள். சாலையில் மறித்து நின்றால் காரைவிட்டு இறங்காமல், ஹாரன் அடிக்காமல், அது தானாக நகரும்வரை இருங்கள்.