மெட்ரிக் முடித்த மகனுக்குப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் வேலை கிடைக்குமா?

கேள்வி: டர்பன் சேட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்கள் தெருப் பையன் ஒருவன் 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் பழக்கத்தால் சீரழிந்ததைப் பார்த்த நாளிலிருந்து, போதைப்பொருள் தடுப்புப் பிரிவில்தான் சேருவேன் என்கிறான் என் மகன். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டான். தென்னாப்பிரிக்கப் போலீஸின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவான ஹாக்ஸில் நேராகச் சேர முடியுமா?

பதில்: அக்கா, பையனின் மனசு நல்ல மனசு. ஆனால் வெறும் மெட்ரிக்கோடு ஹாக்ஸை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2009-இல் தொடங்கிய அந்தப் பிரிவு பெரிய கடத்தல் கும்பல்களைத் துரத்துவது. துப்பறிந்து பழகிய கைகளைத்தான் அங்கே தேடுவார்கள்.

முதலில் சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேரட்டும். தென்னாப்பிரிக்கக் குடியுரிமை, மெட்ரிக், குற்றப்பதிவு இல்லாமை ஆகியவை கட்டாயம். வயது வரம்பு அண்மை அறிவிப்புகளில் 18 முதல் 35 வரை. போலீஸ் பயிற்சிக்கூடம் ஒன்று உங்கள் சேட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. ஆனால் வேறு ஊருக்கு அனுப்பினாலும் போகத் தயாராக இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டேஷன் வேலை, அதன்பின் துப்பறியும் பிரிவு.

ரெய்டுதான் இந்த வேலை என்று பையன்கள் நினைக்கிறார்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் எழுத்தில்தான். 1992-ஆம் ஆண்டின் 140-ஆம் எண் சட்டப்படி போதைப்பொருள் விற்றவருக்கு 25 ஆண்டு வரை சிறை உண்டு. முன்பெல்லாம் 115 கிராமுக்கு மேல் டாகா (கஞ்சா) வைத்திருந்தாலே அவர் வியாபாரி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 1995-இல் புல்வானா வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்றார் என்பதை இன்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பொட்டலத்தை எடுத்தது யார், எந்த எண்ணுள்ள பையில் சீல் வைத்தார், ஆய்வகத்துக்கு யார் கொண்டுபோனார் என்று ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாக வேண்டும். ஒரு எண் மாறி எழுதியிருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். மாதக்கணக்கான உழைப்பு அங்கேயே போய்விடும். அதனால் பொறுமையாக, பிழையில்லாமல் எழுதும் பழக்கம் மகனுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வேதியியலில் ஆர்வம் இருந்தால் அறிவியல் பட்டம் படித்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகலாம். துறைமுகச் சுங்கப் பணியும் இதே போராட்டம்தான்.

இன்னொன்று, ஜூலு நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும். டர்பனில் சாட்சிகள் பலர் அந்த மொழியில்தான் மனம்திறந்து பேசுவார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது, அக்கா. வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள்; ஸ்டேஷனில் புகார் கொடுங்கள்.