பிஓடியும் அந்த ஒரு வரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் முதல் சிறுகதைத் தொகுப்பை பிஓடியில்தான் (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) போட முடியும், ஆர்டர் வரவர அச்சடித்து அனுப்புவோம் என்கிறார் பதிப்பாளர். எல்லோரும் போனிலேயே படிக்கும்போது இதற்கு எதிர்காலம் உண்டா? பேசாமல் மின்னூலாக மட்டும் விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

திரையில் படிப்பவர்கள் கூடக்கூட பிஓடிக்கு வேலை கூடத்தான் செய்யும். அச்சுப்பிரதி குறைவாக விற்கிற புத்தகத்துக்காகவே வந்த முறை அது. வழக்கமான ஆஃப்செட் அச்சில் பக்கங்களுக்கு பிளேட் போட்டு மெஷினைத் தயார் செய்கிற செலவு 50 பிரதி அடித்தாலும் 5,000 அடித்தாலும் ஒன்றுதான், அதனால் நிறைய அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் மெஷினில் பிளேட்டே கிடையாது, முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. விலை கொஞ்சம் கூடும், ஆனால் விற்காத கட்டுகள் குடோனில் தேங்காது.

மின்னூல் மட்டும் என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே போயின (பணத்தைத் திருப்பித் தந்தார்கள், சரி, ஆனால் ஓரத்தில் எழுதிய குறிப்புகளை எப்படித் தருவது?). இரண்டையும் போடுங்கள். லே-அவுட் எப்படியும் ஒரு தடவை செய்யத்தான் போகிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. உங்கள் ஒப்பந்தத்தில், புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்று ஒரு வரி இருக்கும். பழைய முறையில் பிரதிகள் தீர்ந்து மறுபதிப்பு வரவில்லை என்றால் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம். பிஓடியில் புத்தகம் தீர்வதே இல்லையே! வருடத்துக்கு இரண்டு பிரதி விற்றாலும், ஏன், ஒன்றுகூட விற்காவிட்டாலும், கோப்பு சர்வரில் இருக்கிறது, ஆகவே அச்சில் இருக்கிறது என்று பதிப்பாளர் சொல்லிவிட முடியும், நீங்கள் ஆயுசுக்கும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். 2007இல் சைமன் அண்ட் சூஸ்டர் இதற்கு வழிவிடும்படி தன் ஒப்பந்தத்தை மாற்றியபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டு சண்டைக்கு நின்றது, பதிப்பகம் இறங்கிவந்தது. உங்களுக்காகச் சண்டை போட யாரும் வரப்போவதில்லை, நீங்களேதான் கேட்க வேண்டும்: வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை என்னிடம் திரும்பும் என்று ஒரு எண்ணைப் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. தயங்கினால் வேறு பதிப்பாளரைப் பாருங்கள்.

அப்புறம், விற்பனையைத் திறந்துவிடும் முன் ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்கி, பைண்டிங்கை விரித்துப் பாருங்கள். உள்ளோரம் போதாமல் எழுத்து மடிப்புக்குள் போய்விடுவது பிஓடியில் அடிக்கடி நடக்கிறது.