ஐயாவோட பர்மாக் கதை நாவலா மாற என்ன பண்ணணும்?

கேள்வி: எங்களுக்குக் காரைக்குடி பக்கம். எங்க ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்குற தொழிலுக்குப் போனவங்க. அவங்க கடுதாசி, பேரேடு எல்லாம் டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. அதை வச்சு நாவல் எழுத ஆரம்பிச்சு ஆறு அத்தியாயம் ஆச்சு, ஆனா படிச்சா சரித்திரப் பாடம் மாதிரி இருக்கு, மேல நகரவும் மாட்டேங்குது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்க அனுப்புன முதல் அத்தியாயத்தைப் படிச்சேன். முகப்பு, பட்டாலை, நடு முற்றத்தைச் சுத்தின வளவு, இரண்டாங்கட்டுன்னு வீடு முழுக்கக் கூட்டிட்டுப் போறீங்க, தேக்குத் தூண் வருது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச சுவர் வருது, ஆனா அந்த வீட்டுல இருக்கிற ஒருத்தருக்குக்கூட அவசரமா எதுவும் தேவைப்படலை. அதான் நின்னு போச்சு.

ஒரே ஒரு ஆளைப் பிடிங்க. என்னைக் கேட்டா ஐயாவை விட அப்பத்தாதான் சரியான ஆளு. வருஷம் 1931னு வைங்க. கல்யாணமாகி வேறு வச்சாச்சு, அதாவது ஒரே வளவுக்குள்ள மாமியாருக்கு ஒரு அடுப்பு, இவங்களுக்கு ஒரு அடுப்பு, செலவுக் கணக்கும் தனி. புருஷன் பர்மாவுல. அங்க நெல் விலை விழுந்து, கடன் வாங்குன விவசாயிங்க பணமா கட்ட முடியாம நிலமாத்தான் கைக்கு வருது. 'நிலம் சேர்ந்திருக்கு, ரொக்கம் இல்லை'னு கடுதாசி வருது. இவங்களுக்கோ உடனே பணம் வேணும், மாமியாருக்குத் தெரியவும் கூடாது. சீரா வந்த வெள்ளிக்குடத்தை அடகு வைக்கலாம்னா அதுல பேர் வெட்டியிருக்கு, எந்தக் கடைக்குப் போனாலும் யார் வீட்டுச் சாமான்னு தெரிஞ்சுரும்.

இப்ப பாருங்க, எல்லாரும் தூங்குற மத்தியானத்துல அவங்க குடத்தை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு வளவைத் தாண்டுறப்ப ஆத்தங்குடித் தரைக்கல்லோட குளிர்ச்சி காலுக்குத் தானா வரும், ரெட்டைக் கதவு கிறீச்சிடுமோங்கிற பயத்துல தேக்கும் வரும். வர்ணனைன்னு தனியா ஒரு பத்தி எழுத வேண்டியதே இல்லை. 1942ல ஜப்பான் ராணுவம் ரங்கூனைப் பிடிச்சதையும் இப்படித்தான் கொண்டு வரணும், அவங்களுக்கு அது கடுதாசி வராம போன மாசங்கள், அவ்வளவுதான் தெரியும். பர்மாவுல என்ன நடக்குதுங்கிறதை அவங்களுக்கு முந்தி வாசகனுக்குச் சொல்லிராதீங்க.

எழுதுற நேரத்துல பெட்டியைத் திறக்கவே திறக்காதீங்க. கப்பல் டிக்கெட் என்ன விலைன்னு தெரியலையா, இடம் விட்டுட்டு அடுத்த வரிக்குப் போங்க, ஒரு பிரதி முடிஞ்சப்புறம் தேடிக்கலாம். முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துறதும் அதுவரைக்கும் வேண்டாம். எழுதுன ஆறும் வீண் இல்லை, பத்திரமா வைங்க, வேணும்ங்கிறப்ப நாலு வரி எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு, நீங்க கேட்கலை ஆனா எழுத்துல தெரியுது. பங்காளிங்க படிச்சா என்ன சொல்வாங்களோங்கிற பயம் உங்களுக்கு இருக்கு, அதனாலதான் கதையில எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்க. நம்ம ஊருல அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனா அதை முதல் பிரதிக்குள்ள விடக்கூடாது. உள்ளபடி எழுதி முடிங்க. அப்புறம் ஊரை மாத்துங்க, எந்தக் கோயிலைச் சேர்ந்த குலம்ங்கிற கோயில் பிரிவை மாத்துங்க, ரெண்டு சித்தப்பாவை ஒருத்தராக்குங்க. அப்பத்தா குடத்தை எடுத்ததை மட்டும் மாத்திராதீங்க.