தண்ணீர் தெரிந்த தம்பிக்கு

மிஸ்ஸியைக் கேளுங்கள்

கேள்வி: மிஸ்ஸி அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையில், தண்ணீர்ப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். சிலிக்கான் தகடுகளைக் கழுவும் தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் மீட்டர் 18.2 மெகாஓமுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஐந்து வருடமாக என் வேலை. மீட்டர் கொஞ்சம் இறங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. பம்ப்பின் சத்தத்தை வைத்தே எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் இதனால் யாருக்கு என்ன நன்மை? வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போய், ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித் தரும் ஓர் அமைப்பில் சேரலாம் என்று இருக்கிறேன். சம்பளம் பாதிகூடக் கிடைக்காது. பிடிபிடிஎன் படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை. அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரு மனிதனின் வேலைக்காலம் மொத்தம் 80,000 மணி நேரம் என்று எங்கோ படித்தேன். மிச்சமிருப்பதை வீணாக்க மனம் வரவில்லை.
– வாசகர், பட்டர்வர்த்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் டியூஷனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி, இங்கே இடமில்லாமல் விட்டதையும் சேர்த்தால், ஒன்றரைப் பக்கம். நீங்கள் இதைக் கவனித்தீர்களா?

அந்த 80,000 கணக்கு, 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய ஓர் அமைப்பினுடையது. அமைப்பின் பெயரே அதுதான். வாரத்துக்கு 40 மணி, வருடத்துக்கு 50 வாரம், அப்படி 40 வருடம். மனசுக்குப் பிடித்ததைச் செய் என்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. உனக்கு எது கைவரும், எங்கே உண்மையில் தேவை இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறார்கள். 33 வருடம் தாதியாக இருந்த எனக்கும் அது சரியென்றே படுகிறது. உங்கள் கணக்கில் பத்தாயிரம் மணி போயிருக்கும். அது வீண் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தில். காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்ததும் முதல் வேலை, தண்ணீரைச் சோதிப்பது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து, மருந்துப் பொடியைப் போட்டுக் குலுக்குவேன். நிறம் மாறக் கூடாது. மாறினால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை அது ரோஜா நிறத்துக்கு மாறிவிட்டது. குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் ரோஜா நிறம்தான். வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். புதன்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த நீரால் சிலருக்குக் கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது.

நாம் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்போம், குடலும் சிறுநீரகமும் காவல் நிற்கும். இவர்களுக்கு ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று 120 லிட்டர் ஓடுகிறது. ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு சவ்வு மட்டும். குளோரின் உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். வாரத்துக்கு மூன்று தடவை இப்படித் தண்ணீர் ஓடும். ஊசி குத்துவது எனக்குத் தெரியும், நரம்பு பிடிப்பது தெரியும். பின்னறையில் நின்று குளோரினைப் பிடிக்கும் கரித்தொட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பராமரிக்கும் கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை.

அம்மாவைக் கொண்டுவந்து விட வந்த ஒரு மகன், "மிஸ்ஸி, நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். பட்டர்வர்த் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் தண்ணீரைக் கவனிப்பவர். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "கரி தீர்ந்துபோச்சு. கடைசியா எப்ப மாத்தினாங்க?" என்றார். எங்கும் எழுதி வைக்கவில்லை. அன்று பன்னிரண்டு பேரையும் வேறு மையங்களுக்கு அனுப்ப எனக்கு மதியம் வரை ஆனது. அந்த மகன் அடுத்த வாரம் கம்பெனிக்காரரோடு கூடவே நின்று கரியை மாற்றவைத்தார். தொட்டியில் கயிறு கட்டி ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: மாற்றிய தேதி, அடுத்த தேதி. அதன் பிறகு, அவர் அம்மா இறந்த பின்னும், மாதம் ஒரு ஞாயிறு வந்துகொண்டிருந்தார். பிறை வேலையை அவர் விடவில்லை. நான் ஓய்வு பெறும்போது அது நான்காவது அட்டை.

2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். சிறுநீரகம் கெடுவதற்கு இங்கே முதல் காரணமே அதுதான். அதனால் மையங்கள் கூடிக்கொண்டேதான் போகும். தாதி வேலைக்குப் படிக்க ஆள் வருகிறது. பின்னறைக்கு அக்கறையோடு வருகிற ஆளைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே இப்போதைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். பட்டர்வர்த்திலோ பினாங்குத் தீவிலோ பொதுநல அமைப்பு நடத்தும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போய், தலைமைத் தாதியைப் பார்த்து, தண்ணீர் அறையைக் கற்றுக்கொள்ள வரலாமா என்று கேளுங்கள். எடுத்தவுடன் எதையும் தொட வேண்டாம். சிப்புக்குச் செய்யும் தண்ணீரும் மனிதனுக்குச் செய்யும் தண்ணீரும் ஒன்றல்ல. மீட்டர் பிரமாதமாகக் காட்டும்போதும் பாக்டீரியா விட்டுப்போன நச்சு உள்ளே இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை, தனி விதி. ஆறு மாதம் போய் வாருங்கள். அதற்குப் பிறகும் மனம் அங்கேயே கிடந்தால், மருத்துவக் கருவி பராமரிப்புக்கோ மருத்துவமனைப் பொறியியலுக்கோ மாறலாம். கடனையும் கட்டலாம்.

டியூஷன் சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெருக்கல் புரியவைக்கிறவரை நான் கும்பிடுகிறேன். ஆனால் நீங்கள் ஒரு தடவையாவது பிள்ளைகள் முன்னால் நின்றிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்கு சனிக்கிழமை நின்று பாருங்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், அப்பா. "வேலையை விடப் போகிறேன்" என்ற பேச்சிலிருந்துதான் அவர் வாயை மூடிக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேலை இருக்குப்பா, மோட்டாரை எடுத்துக்கவா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன வேலை என்று அவரே கேட்பார்.

கேள்வி: மகளுக்கு 16 வயது. தாதியாகத்தான் ஆவேன் என்கிறாள். ராத்திரி ஷிஃப்ட், நோயாளிகளின் ஏச்சு... எனக்கு மனமே இல்லை.
– ஒரு தாய், செந்தூல்

பதில்: அம்மா, ஷிஃப்டும் உண்மை, ஏச்சும் உண்மை. நானும் கழிவறையில் போய் அழுதிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு தாதி இரவு வேலை முடிந்து வரும் காலை ஏழரைக்கு, மகளை அவரோடு பசியாற உட்காரவையுங்கள். நீங்கள் பக்கத்து மேசையில் இருங்கள். அந்தக் களைத்த முகத்தைப் பார்த்துவிட்டும் அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தால், விடுங்கள், படிக்கட்டும்.