பெயர் இல்லாதவர்களைத் தேடும் புத்தகங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அண்மையில் நான் வாசித்த ஆறு நூல்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். இமையத்தின் 'செல்லாத பணம்', மு. ராஜேந்திரனின் 'காலா பாணி', ஆர். பாலகிருஷ்ணனின் 'ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை', ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908', ஹான் காங்கின் 'மரக்கறி', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' ஆகியவை அவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூல்களை ஏன் ஒரே பக்கத்தில் சேர்த்தேன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். மதுரையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் கையில் கிடைத்த வரிசைப்படி வாசித்தவை அவை. அதற்கு மேல் திட்டம் எதுவும் இருந்ததில்லை. வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 'செல்லாத பணம்' நாவலைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மனத்தை இவ்வளவு வதைக்கும் ஒரு புத்தகத்தைப் பிறர் வாசிக்க வேண்டும் என்று எப்படிச் சொன்னீர்கள்?
(வாசகி, வில்லாபுரம்)

பதில்: தாங்கள் நிறுத்திய இடத்துக்குச் சற்று முன்னதாகவே நானும் ஒரு முறை மூடி வைத்தேன், மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்துகொள்கிறாள். சில ஆண்டுகளில் உடல் முழுதும் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். எஞ்சிய பக்கங்களில் பெரும்பகுதி, தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு. தலைமையாசிரியரான தந்தையிடம் பணம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்க அவர் ஆயத்தமாக இருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பித் தர ஒருவரும் இல்லை.

பேச்சு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று இந்நாவலைக் குறை கூறியவர்களை அறிவேன். என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்காக, பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மருத்துவமனையின் அத்தகைய பிரிவுக்கு வெளியே நான்கு இரவுகள் பாய் விரித்துப் படுத்திருந்தவன் நான். அங்கே மனிதர்கள் புதிதாக எதையும் பேசுவதில்லை. "அன்றைக்கே போய்க் கூட்டி வந்திருக்க வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தை அவளுடைய தாயார் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. அந்தத் திரும்பச் சொல்லலைச் சுருக்கியிருந்தால் இமையத்தின் நாவல் நேர்த்தி கூடியிருக்கலாம், உண்மை குறைந்திருக்கும். ரவிக்கும் அவன் தரப்பைச் சொல்ல இடம் கொடுத்திருப்பதைத் தாங்கள் இன்னும் எட்டியிருக்க மாட்டீர்கள். அவன்மீது கொண்ட கோபம் எனக்கு அதனால் தணியவில்லை. ஆயினும் இருவரின் திருமணத்துக்கு முன்பிருந்தே அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை யோசிக்க வைத்தது. முடியும்போது மீண்டும் எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் அதில் தவறேதும் இல்லை.

கேள்வி: 'காலா பாணி'யை வரலாறு என்று கொள்வதா, நாவல் என்று கொள்வதா? எங்கள் சீமையின் கதை என்பதால் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
(வாசகர், சிவகங்கை)

பதில்: நாவல் என்றே கொள்ளுங்கள், ஆனால் அதன் எலும்புக்கூடு முழுவதும் ஆவணங்களில் உள்ளது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதோடு நம் பாடப்புத்தகங்கள் பொதுவாக அந்த அத்தியாயத்தை முடித்துவிடும். அதன் பிறகுதான் இந்நூல் தொடங்குகிறது. 1802-ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து 73 பேர் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமியும் அவர்களுள் அடங்குவர். இவ்விருவரின் பெயரையாவது நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். ஏனையோர் யார், எந்த ஊர்க்காரர்கள், அவர்கள் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. கடல் தாண்டுவது என்னவென்றே அறியாத மானாவாரி நிலத்து மனிதர்களைக் கப்பலின் அடித்தளத்தில் வைத்து அந்தக் கேள்வியை எழுப்பியதுதான் ராஜேந்திரன் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து.

இங்கே ஒரு செய்தியைத் தாங்கள் சேர்த்து வாசிக்க வேண்டும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிக்கு ஈட்டி எறியவும், வளரி என்னும் வளைந்த எறிகருவியை வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. இதை வெல்ஷே எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801 போரில் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். 1818-இல் பினாங்கில் அவர் முன் ஒருவர் வந்து நின்றபோது, காலத்துக்கு முன்பே மூப்படைந்திருந்த அம்மனிதரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. துரைச்சாமி என்று பெயரைக் கேட்ட பின்னரே தெரிந்தது. 1830-இல் லண்டனில் வெளியான வெல்ஷின் நினைவுக் குறிப்புகளில் இச்சந்திப்பு பதிவாகியுள்ளது. இருநூறு ஆண்டுகள் கடந்தும், நெஞ்சை அடைக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைக் கடக்க முடிவதில்லை.

நாவலில் எனக்குக் குறையாகப் பட்டதையும் சொல்ல வேண்டும். ஆவணத்தில் உள்ள செய்தியை விட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில், சில இடங்களில் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்குப் பதிலாக நமக்கு விவரம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இடங்களில் கப்பல் நின்றுவிடுகிறது.

கேள்வி: இந்த நூல்களையெல்லாம் விலை கொடுத்து வாங்க என் வருமானம் இடம் தராது. என்ன செய்வது?
(வாசகர், செல்லூர்)

பதில்: சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து வாசிக்கலாம். புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் நின்றுகொண்டே பாதிப் புத்தகத்தைப் படித்து முடித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். என்னைப் போன்றவனுக்கு அந்த வாசிப்பு மேசைகள் எவ்வளவு பெரிய கொடை என்பதைச் சொல்லித் தீராது.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கீழடி. 'சிந்து முதல் வைகை வரை' நூலில் உள்ள ஊர்ப்பெயர்ச் சான்றுகளை வைத்து, சிந்துவெளி மக்கள் தமிழர்களே என்று உறுதியாகச் சொல்லலாமா?
(வாசகர், திருப்புவனம்)

பதில்: அந்த நூலை வாசித்த பின் அவ்வாறு நம்ப எனக்கும் ஆசைதான். கொற்கை, வஞ்சி, தொண்டி என்னும் சங்க இலக்கியப் பெயர்களோடு ஒத்த ஊர்ப்பெயர்கள் இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் வழங்குவதைப் பாலகிருஷ்ணன் பல்லாண்டு உழைப்பில் திரட்டியிருக்கிறார். சிந்துவெளி நகரங்களில் மேற்கே மேடும் கிழக்கே பள்ளமுமாக அமைந்த நகரமைப்பைத் திராவிட மொழிகளின் திசைச் சொற்களோடு இணைத்துப் பார்க்கிறார். மேற்கு என்ற சொல்லில் 'மேல்' இருப்பதையும் கிழக்கு என்ற சொல்லில் 'கீழ்' இருப்பதையும் நாள்தோறும் உச்சரிக்கும் நமக்கு அந்தப் பகுதி சிலிர்ப்பைத் தருவது இயல்பே.

ஆயினும் ஒலி ஒப்புமை ஆய்வின் தொடக்கமே ஆகும். ஒரே ஒலியுள்ள பெயர் இரண்டு இடங்களில் தற்செயலாகவும் தோன்றலாம். எத்தனை பெயர்கள் கூட்டமாக ஒத்துப்போகின்றன என்பதே எடை. அந்தக் கூட்டத்தைக் காட்டுவதில்தான் நூலாசிரியரின் வலிமை உள்ளது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சிந்துவெளி நகரங்கள் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 1900 வாக்கில் நலியத் தொடங்கின. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரிக்குக் கிடைத்த காலம் பொ.ஆ.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. நடுவில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் மனிதர்கள் எவ்வழியே வந்தார்கள், எங்கெங்கே தங்கினார்கள் என்பது மண்ணுக்கடியிலிருந்து வெளிவர வேண்டும். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மேடுகளுக்கு அதில் பங்கு உண்டு என்பதால், தாங்கள் உறுதியோடு இருப்பதைவிட ஆவலோடு இருப்பதே அந்த நூலுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: 'மரக்கறி' நாவலின் நாயகி இறைச்சி உண்ண மறுக்கிறாள் என்பதற்காகக் குடும்பமே அவளைத் துன்புறுத்துவது எனக்கு நம்பும்படியாக இல்லை. நம் ஊரில் சைவம் சாப்பிடுபவர்களைத் தானே உயர்வாக எண்ணுகிறார்கள்?
(கல்லூரி மாணவி, பழங்காநத்தம்)

பதில்: இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு வந்து நெடுநாளாயிற்று. தாங்கள் தடுக்கி விழுந்த இடமே அந்த நாவலுக்குள் நுழையும் வாசல். நம் ஊரில் 'சைவம்' என்ற சொல் உணவை மட்டும் குறிப்பதில்லை. அதற்குள் சாதி இருக்கிறது, தூய்மை பற்றிய பழைய எண்ணம் இருக்கிறது, வீடு வாடகைக்கு விடும்போது கேட்கப்படும் கேள்வி இருக்கிறது. கொரியாவில் நடக்கும் இக்கதையில் அப்படிப்பட்ட எந்த மேன்மையும் அந்த மறுப்புக்கு இல்லை. யோங்ஹை ஒரு கனவு கண்டதன் பேரில் இறைச்சியை விடுகிறாள். மனைவி, மகள் என்ற முறையில் தன்னிடம் எதிர்பார்க்கப்படும் ஒன்றை அவள் செய்யவில்லை என்பதே அவளுடைய குற்றமாகிறது.

ஆங்கிலம் வழியாக இதைத் தமிழாக்கிய கவிஞர் சமயவேல், தலைப்பில் 'சைவம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'மரக்கறி' என்று வைத்தது மிகச் சரியான முடிவு. ஈழத்திலும் நம் தென்கோடியிலும் காய்கறிக்கு வழங்கும் அந்தச் சொல்லில் மதத்தின் சாயல் இல்லை, மரம் இருக்கிறது. நாவலின் முடிவை நோக்கிச் செல்லச் செல்ல, தானே ஒரு மரமாகிவிட வேண்டும் என்று எண்ணும் பெண்ணின் கதைக்கு வேறு எந்தச் சொல் பொருந்தும்?

குடும்பத்தார் கூடியிருக்கும் விருந்தில், தந்தை அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கும் காட்சி நம்பும்படியாக இல்லை என்கிறீர்கள். நம் பக்கத்துக் காதுகுத்து விருந்தை நினைத்துப் பாருங்கள். கிடா வெட்டித் தாய்மாமன் சீர் செய்து ஊரே கூடி உண்ணும் பந்தியில், அந்த வீட்டு மருமகள் ஒருத்தி, விரதம் நேர்த்திக்கடன் என்று எந்தக் காரணமும் காட்டாமல் "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லி இலையை மூடினால் அங்கே எத்தனை குரல்கள் எழும்! சாமிக்காக என்றால் விட்டுவிடுவார்கள். தனக்காக என்றால் விடமாட்டார்கள். யோங்ஹைக்கு நிகழ்ந்தது அதுதான். நாவலின் மூன்று பகுதிகளும் கணவன், அக்காளின் கணவன், அக்காள் ஆகியோர் வழியாகவே நமக்குச் சொல்லப்படுகின்றன. அவளுடைய சொந்தக் குரல் கனவுத் துண்டுகளாக மட்டுமே வருகிறது. அக்காளின் பகுதியை மட்டுமாவது மறுமுறை வாசியுங்கள். 2024-இல் ஹான் காங்குக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு பலரும் இதை வாங்கினார்கள். அந்த மூன்றாம் பகுதி வரை போனவர்களோடுதான் பேச எனக்கு விருப்பம்.

கேள்வி: 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதை 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற ஆய்வு நூலுக்குக் கொடுத்தது சரியா? கதை, கவிதைக்குத் தானே தர வேண்டும்?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: 1955-இல் தமிழுக்கு வழங்கப்பட்ட முதல் விருதே ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரை நூலுக்குத்தான். ஆகவே மரபு மீறப்படவில்லை. வ.உ.சி. கைதானதை அடுத்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மக்கள் திரண்டெழுந்ததும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டதும், பின்னர் ஊரைத் தண்டிக்கும் பொருட்டு நிறுத்தப்பட்ட தண்டக் காவல் படையின் செலவை ஊராரிடமே வரியாக வசூலித்ததும் அரசு ஆவணங்களில் புதைந்து கிடந்தன. தலைவருக்குக் கிடைத்த தண்டனையை நாம் அறிவோம்; அவருக்காகக் கடையடைத்தவர்களும் தெருவில் இறங்கியவர்களும் என்ன ஆனார்கள் என்பதை இந்நூல் தேடிச் செல்கிறது. நல்ல உரைநடையும் இருக்கிறது. விருதுக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு இந்த ஆறில் எதைக் கொடுக்கலாம்?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: 'ஆதனின் பொம்மை'யைக் கொடுங்கள். கீழடியை மையமாகக் கொண்ட இச்சிறார் நாவல் 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அறிவுரை சொல்லிக் குழந்தையைக் களைப்படையச் செய்யாத நூல். ஆதன் என்ற பெயர் கற்பனையில் பிறந்ததில்லை. கீழடியில் கிடைத்த பானையோடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவை அரசர் வெட்டுவித்த கல்வெட்டுகள் அல்ல. வீட்டில் புழங்கிய பானையின் மீது எழுதப்பட்ட பெயர்கள். புத்தகத்தை மகன் வாசித்து முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயர் கீறிய ஓடுகள் எங்கே இருக்கின்றன என்று தாங்கள் காட்ட வேண்டாம். அவனே தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படிக்கட்டும்.